கண்டிக்குப் போன வீடு

கட்டுக்கலை, கண்டி
17.02.1980

மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் ஆறு நாள். ஏழாம் நாளும் கடிதம் போகாவிட்டால் கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் பஸ் ஏறிய கையோடு வீட்டுக்காரி முனவ்வறா ராத்தா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு விசாரணையைத் தொடங்கினா.

“ஒங்கட புருசனுக்கு என்ன வருத்தம்?”

“ஒரு வருத்தமும் இல்லை.”

“அப்ப ஏன் விட்டவரு?”

கலியாணம் முடித்து ஆறு மாதமான பெண்ணைப் புத்தி சுகமாக இருக்கிற ஒருவர் படிக்க அனுப்பமாட்டாராம். ராத்தாவின் கணக்கில் இரண்டில் ஒன்று: உங்களுக்கு நோய், அல்லது எனக்குக் குற்றம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் கம்பஸ் விடுதியில் இடம் கிடைக்கும்வரை இந்தக் கூரைதானே. வீட்டுச் சட்டமும் சொல்லிவிட்டா: ஆறு மணிக்குப் பிறகு படலை திறக்காது. ஆண்கள் வாசற்படி தாண்டக்கூடாது, அது கட்டின புருசனாக இருந்தாலும்.

ஊரைப் பற்றிக் கேட்பீர்கள். பழைய ஊர். ராசா இருந்த மாளிகை இருக்கிறது, அவர் வெட்டிய குளம் இருக்கிறது. எங்கள் பக்கம் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர். இங்கே குளம் பார்ப்பதற்கு. சுற்றி மதில் கட்டி, அதன் ஓரம் நடக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் பேராதனைக் கம்பஸுக்குப் பஸ்ஸில் போகிறேன். ஆறு, அதற்கு மேலே பாலம், இரண்டு பக்கமும் பெரிய மாரா மரங்கள். கல் தூண் வைத்த கட்டடங்களுக்குள் நுழையும்போது செருப்புச் சத்தம்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது இந்தக் கிழமையோடு போய்விடும் என்று நினைக்கிறேன்.

ஒரு விசயம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே எல்லாரும் எல்லாரையும் மச்சான் என்கிறார்கள். பெடியன்கள் பெடியன்களை, சிங்களப் பெட்டைகள் பெட்டைகளை. நேற்று பஸ்ஸில் எவனோ எவனையோ மச்சான் என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கைருன்னிஸா

---

கடை, கல்முனை
28.02.1980

கைருன்னிஸாவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது.

அந்த ராத்தாவிடம் இப்படிச் சொல்: என் புருசனுக்கு வருத்தம் இருக்கிறது, அறிவில்லாத கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் வருகிற வருத்தம். நான் அங்கே இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். வாசற்படிக்கு வெளியே நின்றுதான், சட்டம் சட்டம்தான்.

ஏன் விட்டேன் என்று உனக்கே ஒருநாள் சந்தேகம் வரும். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மருதமுனைத் தறிச் சாறன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பதியத்தலாவை வரைக்கும் சிங்கள ஊர்களில் விற்றுத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கம்பஸ் கடிதம் கடை விலாசத்துக்குத்தான் வந்தது. அதைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டியிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. நல்ல நெசவைப் பெட்டிக்குள் வைத்திருக்கிற வியாபாரி மடையன். வெளிச்சத்தில் விரிக்க வேண்டும். அவ்வளவுதான் என் காரணம். இதில் பெருமை ஒன்றும் இல்லை.

இங்கே விசயம் வேறு. நம் ஊரில் கலியாணம் முடிந்தால் ஆண் பெண்ணுடைய வீட்டுக்குப் போகிறான். நானும் வந்தேன். வீடு உன் பேரில். உன் வாப்பா மௌத்தாகி, தங்கச்சி நதீராவுக்கென்று கட்டிய வீடு சூறாவளியில் கூரை போய் நிற்கிறபடியால் மாமியும் நதீராவும் உன் வீட்டில்தான் இருக்கிறார்கள். சரி. ஆனால் போன வீட்டில் பெண் இல்லாவிட்டால் மாப்பிள்ளை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாமி சோற்றை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்துகிறா. நதீரா நான் வரும் சத்தம் கேட்டால் அறைக்குள் ஓடுகிறாள். நான் தனியே இருந்து சாப்பிட்டு, தனியே கோப்பையைக் கழுவி வைக்கிறேன். கழுவுவதும் குற்றம். “மாப்புள கோப்ப கழுவுறாரு எண்டு ஊருக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் குறை” என்று மாமி சத்தம் போடுகிறா.

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கச்சிமுகம்மது மரைக்கார் என்னைப் பிடித்தார். உன் தாய்வழிக் குடிக்கு அவர்தானே தலைவர், கேட்கிற உரிமை தனக்கு உண்டு என்று அவர் நினைப்பு.

“என்ன நூஹு, பொஞ்சாதி இல்லாத ஊட்டுக்கு நீங்க மாப்புளயா, வாச்சரா?”

நான் வீட்டுக் காவல்காரனாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது.

நீ படி.

நூஹு

---

கட்டுக்கலை, கண்டி
20.04.1980

மச்சானுக்கு,

ஸலாம். சித்திரை விடுமுறைக்கு வரவில்லை என்று கோபம் என்பது தெரியும். ஐந்து நாள் விடுமுறையில் இரண்டு நாளை மகியங்கனைப் பாதையின் வளைவுகளில் தலைசுற்றிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் சோதனை.

முதலில் ஒன்று. நான் சாறன் இல்லை. விரிக்கவும் வேண்டாம், மடிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, வகுப்பில் நடந்தது. சமூகவியல் விரிவுரையாளர் நல்ல மனிசன், கோபம் அவரோடு இல்லை. குடும்பங்களைப் படமாகக் கீறிக் காட்டுகிறார். முக்கோணம் ஆண், வட்டம் பெண். கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் ஆண், பெண் வீட்டில் போய் வாழ்வான் என்று சொல்லி, ஒரு வீடு கீறி, அதற்குள் வட்டம் வைத்து, வெளியே இருந்த முக்கோணத்துக்கு ஒரு அம்பு போட்டு உள்ளே அனுப்பினார். பிறகு என்னை எழுப்பினார்.

“நீங்கள் அந்தப் பக்கம்தானே. சரியா?”

“சரி, சேர்.”

பின்வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன்: “அப்ப மனுசன் கோவிச்சுக்கொண்டு போறதெண்டா எங்க போவார்?”

“உம்மா வீட்டுக்கு” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். நான் உட்காரவில்லை.

“சேர், வட்டம் படிக்கிறதுக்கு வெளியே போனால் முக்கோணம் எங்கே இருக்கும்?”

அவர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பினார். “அப்படி ஒரு நிலைமையை நான் எந்த நூலிலும் பார்க்கவில்லை” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீங்கள் இருக்கிறீர்கள். நான் இருக்கிறேன். தனிய இருந்து கோப்பை கழுவுகிற ஒரு முக்கோணமும், வெங்காயம் உரிக்கிற ஒரு வட்டமும் உயிரோடு இருக்கிறோம். நூலில் இல்லையாம். ஊரிலும் இதே கதைதான். பெண் வெளியே போவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை, அதனால் ஆணுக்கும் ஒரு இடம் யோசித்து வைக்கவில்லை.

கோப்பையைக் கழுவுங்கள். உம்மா கத்தினால் கத்தட்டும்.

கைருன்னிஸா

---

கடை, கல்முனை
25.05.1980

கைருன்னிஸாவுக்கு,

ஸலாம். சோதனை நல்லபடி முடிந்திருக்கும். குளிருக்கு ஒரு போர்வையும் இரண்டு சேலையும் சாறன் லொறியில் அனுப்பியிருக்கிறேன். நீலக் கரை வைத்தது உனக்கு, மற்றது அந்த ராத்தாவுக்கு. கொடுத்துப் பார், கேள்வி குறையும்.

இனிமேல் எனக்கு எழுதுவதைக் கடை விலாசத்துக்கே போடு, வீட்டுக்கு அனுப்பாதே. நான் இப்போது படுப்பதும் கடையில்தான். மேல் தட்டில் துணிக் கட்டுகளை ஒதுக்கி இடம் எடுத்திருக்கிறேன். மாமிக்கும் நதீராவுக்கும் சாமான் சட்டு ஒழுங்காகப் போகிறது, அதில் குறை வைக்கமாட்டேன்.

ஏன் என்று கேட்காதே. கேட்டாலும் எழுதமாட்டேன். கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை.

முக்கோணத்தை மனதில் வைத்திருக்கிறேன். சாறன் என்று சொன்னது பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

நூஹு

---

கட்டுக்கலை, கண்டி
03.06.1980

நூஹு லெவ்வை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது, உம்மாவின் கடிதம் செவ்வாய்க்கிழமை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது: துணிக் கட்டுகளை ஒதுக்கி இடம் எடுத்திருக்கிறேன்.

உம்மா எழுதியது: “ஒன்ட மாப்புள பட்டப்பகல்ல, அஸருக்குப் பாங்கு சொல்லக்குள்ள, பாயையும் தலாணியையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டு வெளிக்கிட்டுப் போயிட்டாரு. தெருவே பாத்திச்சு. ஒரு சொல்லு சொல்லல்ல. நான் என்ன செஞ்சன் எண்டு கேட்டன், ஒண்டும் இல்ல மாமி எண்டாரு. பள்ளியில மரைக்கார்மார் கேட்டதுக்கும் வாய் தொறக்கல்ல.”

அதற்குக் கீழே இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா வேலிக்கு மேலால் கேட்டாவாம்: “கண்டியில என்னமோ நடந்திரிக்கி. கேள்விப்படாம ஒரு ஆம்புள தலாணியத் தூக்குவானா?”

புரிகிறதா? நீங்கள் வாயைப் பூட்டினீர்கள். ஊர் அந்தப் பூட்டுக்குத் தன் சாவியைப் போட்டுத் திறந்துவிட்டது. என்ன நடந்திருக்கிறது இங்கே? காலையில் பஸ், மாலையில் பஸ், ஆறு மணிக்குப் படலை. நான் நூலகத்தில் பக்கத்துக் கதிரையில் ஒரு பெடியன் இருந்தால் எழும்பி வேறு இடம் போகிறேன், சட்டம் யாரும் போடாமலே. எனக்கு அங்கே இப்படி ஒரு பேர்.

என்னை விட்டுவிட்டீர்களா, இல்லையா? இது ஓம் அல்லது இல்லை என்று எழுதுகிற கேள்வி. விட்டிருந்தால் அதையும் தபாலில் அனுப்புங்கள். நான் ஒப்பம் வைத்து எடுக்கிறேன்.

சேலையை ராத்தாவுக்குக் கொடுக்கவில்லை. இரண்டையும் கட்டி வைத்திருக்கிறேன், திருப்பி அனுப்ப.

க.

---

கடை, கல்முனை
11.06.1980

கைருன்னிஸாவுக்கு,

இல்லை.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். இதற்கு முன் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, இதிலும் நல்ல வார்த்தை தேடாதே.

நான் யாரையும் விடவில்லை. ஒரு தலையணையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனேன். பதியத்தலாவைப் பாதையில் மூன்று வருடம் சாக்கு மூட்டையில் தலை வைத்துப் படுத்துக் கழுத்துப் பிடித்தவன் நான். அந்தத் தலையணை இல்லாவிட்டால் எனக்கு உறக்கம் இல்லை. உனக்கே தெரியும். பகலில் ஏன் கொண்டுபோனேன் என்கிறாய். இருட்டில் கொண்டுபோவதற்கு நான் எதைத் திருடினேன்? ஒளிக்காமல் செய்தால் ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இருபது வருடம் வியாபாரம் செய்தும் எனக்கு இந்த ஊர் விளங்கவில்லை.

பள்ளிவாசலில் நடந்ததையும் கேள். கச்சிமுகம்மது மரைக்காரும் இன்னும் மூன்று பேரும். என்னை நடுவில் இருத்தினார்கள்.

“ஊட்ட உட்டு ஏன் போன?”

“உறங்கறத்துக்கு.”

“பொஞ்சாதிய உட்டதா?”

“இல்ல.”

“அப்ப காரணத்தச் சொல்லு.”

“சொல்லமாட்டன்.”

“குடிக்கு ஒரு மரியாதை இரிக்கி நூஹு. மாப்புளண்டா பொஞ்சாதிட ஊட்டுலதான் இரிக்கணும். இல்லாட்டி அதுக்கு ஒரு காரணம் இரிக்கணும்.”

“காரணம் இரிக்கி. ஒங்களுக்கு இல்ல.”

அதோடு எழும்பி வந்துவிட்டேன். நோன்பு பிறப்பதற்கு முன் நான் காரணம் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். மாமியிடம் உன்னைப் படிப்பை நிறுத்திக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். தந்தி வரும். நீ வராதே. ஒரு மரைக்காரின் ஆசைக்காக நீ அந்தக் கல் தூணை விட்டு இறங்கினால் நான் கம்பஸ் கடிதத்தை அன்றைக்கே கல்லாவுக்குள் போட்டிருக்கலாம்.

நான் சொல்லாமல் இருப்பது உனக்கு எதிராக இல்லை. அதை மட்டும் நம்பு.

நூஹு

---

கட்டுக்கலை, கண்டி
24.06.1980

மச்சானுக்கு,

நீங்கள் சொல்லாததை நதீரா சொல்லிவிட்டாள். நான்தான் அவளுக்கு எழுதினேன்: நீ அந்த வீட்டுக்குள் இருக்கிறாய், கண் இருக்கிறது, என்ன நடந்தது என்று எழுது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். பாதி எழுத்து அழுகையில் கரைந்து வாசிக்க முடியவில்லை. மிச்சம் போதும்.

சம்மாந்துறையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் கிணற்றடியில் நின்றீர்களாம். அவள் தேத்தண்ணித் தட்டோடு திரைக்குப் பின்னால். மாப்பிள்ளையின் தாய் உம்மாவிடம் கேட்டிருக்கிறா:

“இந்த ஊட்டுல இரிக்கிற ஆம்புள ஆரு?”

“மூத்தவட மாப்புள.”

“மூத்தவ எங்க?”

“கண்டியில படிக்கா.”

“அப்ப இவரு இஞ்ச ஆரோட இரிக்காரு?”

உம்மாவுக்கு அந்தக் கேள்வியின் அடி விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு சீனிப் பணியாரம் எடுத்து வைத்திருக்கிறா. நதீராவுக்கு விளங்கியிருக்கிறது. கிணற்றடியில் வாளி விழுந்த சத்தமும் கேட்டதாம். அன்றைக்கு அஸரோடுதான் நீங்கள் தலையணையைக் கட்டினீர்கள்.

பதினேழு வயதுப் பெட்டையின் பேரைக் காப்பாற்றினீர்கள். காரணத்தை வெளியே சொன்னால் அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் போகும் என்று வாயை மூடினீர்கள். இதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. அழுது முடித்த பிறகு கோபம் வந்ததும் உண்மை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அவளுடைய பேரைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்தீர்கள். என்னுடைய பேரை எங்கே வைத்தீர்கள்? என் பேர் என்ன, கடை வாசலில் கால் துடைக்கப் போட்ட சாக்கா? நீங்கள் போட்ட கணக்கில் நான் எந்த இடத்திலும் இல்லை. தூரத்தில் இருக்கிறாள், படித்தவள், தாங்குவாள் என்று நினைத்தீர்களா? ஒரு வரி. “சம்மாந்துறை ஆட்கள் வந்தார்கள், நான் வெளியே படுப்பது நல்லது” என்று ஒரே ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் போதும். கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லையாம். பொஞ்சாதிக்கு எழுத முடியாததை வேறு யாருக்கு எழுதுவது?

தந்தி வந்துவிட்டது. முனவ்வறா ராத்தா எனக்கு முன்பே அதை வாசித்துவிட்டா. “நான் அண்டைக்கே கேட்டேனே” என்று ஒரு பெருமூச்சு. நான் ஊருக்கு வந்தால் மரைக்கார்மார் கேட்பார்கள், நான் உண்மையைச் சொல்வேன், நதீரா முடிந்தாள். வராவிட்டால் நான் குற்றவாளி. பொய் சொல்லி இரண்டையும் காப்பாற்ற எனக்குப் பழக்கம் இல்லை. கதவு இல்லாத வீடு ஒன்று கட்டி என்னை அதற்குள் வைத்திருக்கிறீர்கள்.

நான் வரப்போவதில்லை. படிப்பை நிறுத்தப்போவதும் இல்லை. என் பேர் எந்த இடத்தில் அழுக்கானதோ அந்த இடத்தில் நீங்கள்தான் கழுவ வேண்டும், தங்கச்சியின் மேல் ஒரு சொட்டும் தெறிக்காமல். எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். யாரும் வாங்காத நிறத்தையும் விற்றுவிடுகிற மனிசன் நீங்கள்.

கைருன்னிஸா

---

கடை, கல்முனை
06.07.1980

கைருன்னிஸாவுக்கு,

ஸலாம்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உன்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது சரி. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ தூரத்தில் இருந்ததால், உனக்குத் தெரியத் தேவையில்லை என்று நானே தீர்மானித்தேன். உன்னைப் படிக்க அனுப்பியவன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, உன்னைச் சின்னப்பிள்ளை போல நடத்தியிருக்கிறேன். பிழை என்னுடையது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலையுமுன் நானே எழும்பினேன். மரைக்கார் கூப்பிடும்வரை பொறுக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

“நான் பொஞ்சாதிய உட்டதாக் கதைக்கிறீங்க. நான் உடல்ல. நான் பொஞ்சாதிட ஊட்டுக்குப் போகப் போறன். அதச் சொல்லத்தான் நிக்கன்.”

கச்சிமுகம்மது மரைக்கார் தாடியைத் தடவினார். “நல்லம். பாயக் கொண்டு திரும்பிப் போ. தெருவத் தாண்டினா ஊடு.”

“அந்த ஊட்ட அவட உம்மாவும் தங்கச்சியும் இரிக்கட்டும் எண்டு அவ குடுத்திரிக்கா. பொஞ்சாதி இரிக்கிற ஊடு இப்ப கண்டியில.”

“கண்டியில என்னடா ஊடு?”

“அவ எங்க இரிக்காவோ அது அவட ஊடு. மாப்புளண்டா பொஞ்சாதிட ஊட்டுலதான் இரிக்கணும் எண்டு சொன்னது ஆரு? நீங்கதான். பொஞ்சாதி இல்லாத ஊட்டுல இரிக்கவனுக்கு வாச்சர் எண்டு பேர் வெச்சதும் நீங்கதான். வாச்சர் வேலய உட்டுட்டன் மரைக்கார். நான் வழக்கத்த மீறல்ல. வழக்கத்தோடதான் பஸ் ஏறப் போறன்.”

முதலில் சிரித்தது தறிகாரர்கள் பக்கம். பிறகு எல்லாரும். மரைக்கார் மட்டும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன், ஏனென்றால் முக்கியமானது இனித்தான்.

“என்ட பொஞ்சாதியப் படிக்கப் போகச் சொன்னவன் நான். கண்டியில அவ ஒரு குத்தம் செஞ்சா எண்டு கேள்விப்பட்டவங்க இதுக்குள்ள ஆராவது இரிந்தா எழும்புங்க. என்ன கேள்விப்பட்ட, ஆரு சொன்ன, எல்லாத்தயும் இஞ்ச வெச்சிச் சொல்லுங்க. வெளிய போய் வேலியில நிண்டு கதைக்காதீங்க.”

ஒருவரும் எழும்பவில்லை. நான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. ஆமினா உம்மாவின் மகன் தொப்பியைக் கழற்றி அதன் உட்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“அப்ப இது முடிஞ்சி” என்று சொல்லி உட்கார்ந்தேன். மரைக்காரும் “முடிஞ்சி” என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தான் சொன்ன வழக்கத்துக்கு எதிராக அவர் எப்படிக் கதைப்பார்?

நதீராவின் பேர் ஒரு வாயிலும் வரவில்லை.

இனி வேலை. இது சும்மா பள்ளிவாசலுக்காகச் சொன்ன கதை இல்லை. கண்டியில் நம் சாறனை மொத்தமாக எடுக்கிற முதலாளியோடு கதைத்துவிட்டேன். அவர் கடையின் ஒரு பக்கத்தை எனக்கு விடுகிறார். மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. நான் இல்லாதபோது கல்முனைக் கடையைத் தம்பி சீனிமுகம்மது பார்ப்பான். இங்கே வந்தால் கடையில் படுப்பேன், இனி அதை யாரும் கேட்க முடியாது. லாபம் வருமா என்று தெரியவில்லை. முதல் வருடம் வராது என்று வைத்துக்கொள்.

ஆனால் அந்த ராத்தாவின் வீட்டில் ஆண்களுக்கு இடமில்லை. வேறு அறை வேண்டும். அதை நான் தேடமாட்டேன். உன் வீடு, நீதான் பார்க்க வேண்டும்.

ஒன்றும் கேட்காமல் பள்ளிவாசலில் சொல்லிவிட்டேன். அதுவும் பழைய பிழைதான், எழுதும்போதுதான் விளங்குகிறது. அதனால் இப்போது கேட்கிறேன். வரவா? வேண்டாம் என்றால் வரமாட்டேன். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நூஹு

---

கண்டி
12.07.1980

மச்சானுக்கு,

ஸலாம்.

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத இடம் இருக்காது. நீங்கள் பள்ளிவாசலில் கதைத்தது நல்லது. எழும்பச் சொல்லிவிட்டு நின்றது அதைவிட நல்லது. ஆனால் நான் குற்றம் செய்யவில்லை என்பதற்கு ஒரு பள்ளிவாசல் நிறைய ஆண்கள் எழும்பாமல் இருக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மன்னிப்பு முத்திரை ஒட்டி அனுப்புகிற சாமான் இல்லை. இங்கே வந்த பிறகு பார்ப்போம்.

உம்மா எழுதியிருக்கிறா. மாப்பிள்ளை சபையில் கதைத்ததை ஆமினா உம்மாவே வேலிக்கு மேலால் சொன்னாவாம், தன் மகன் வாய் திறக்காததை விட்டுவிட்டு. நதீராவும் எழுதியிருக்கிறாள். சம்மாந்துறை ஆட்கள் திரும்ப ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அப்படிக் கேட்ட வாய்க்குக் கீழே தன்னால் வாழ முடியாது, சோதனை எடுத்த பிறகு கதைக்கலாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். உம்மா இரண்டு நாள் சோறு திங்கவில்லை. மூன்றாம் நாள் தின்றாவாம்.

அறை பார்த்துவிட்டேன். ஐந்து இடம் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் முஸ்லிம் என்றதும் அறை இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கம்பஸ் என்றதும் இல்லை. ஆறாவது, பேராதனைப் பக்கம், ரயில்பாதைக்கு மேலே ஒரு சிங்கள மாஸ்டரின் வீட்டுப் பின்பக்கம். ஒரு அறை, ஒரு அடுப்படி, கதவு தனியாக. ரயில் போகும்போது ஜன்னல் நடுங்குகிறது. மாஸ்டர் வாடகைத் துண்டு எழுதும்போது புருசனின் பெயரைக் கேட்டார். என் பெயரை எழுதச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“வீட்டுக்காரர் வரமாட்டாரா?”

“வருவார், சேர். எங்கள் ஊரில் வீட்டுக்காரி நான்தான். அவர் வருகிற மாப்பிள்ளை.”

இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. எழுதிவிட்டார்.

வந்தால் சில விசயம். காலையில் ஏழரைக்கு எனக்குப் பஸ். அடுப்பு மூட்டுவது நீங்கள். நான் படிக்கும்போது கடைக் கதை கதைக்கக் கூடாது. எனக்குத் தெரியத் தேவையில்லை என்று இனி ஒன்றையும் நீங்கள் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது, அது எனக்கு நல்லதாக இருந்தாலும். இதை ஒப்புக்கொள்ள முடியாது என்றால் மகியங்கனையில் இறங்கித் திரும்பிவிடுங்கள்.

ஒப்புக்கொண்டால், ரயில்பாதையைக் கடந்து மேலே ஏறுங்கள். கல் படிகள், பாசி பிடித்திருக்கிறது, கவனம். பெண் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வாசலில் கால் கழுவிவிட ஒரு மச்சினன் நிற்பான். எனக்குத் தம்பி இல்லை. முற்றத்தில் ஒரு பைப் இருக்கிறது, தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. நீங்களே கழுவிக்கொண்டு ஏறி வாருங்கள்.

கைருன்னிஸா